லெசிதின் அல்ல, லெக்டின்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் அறிவியல் பக்கத்தில் கருத்தரிப்பு பற்றி வந்த கட்டுரையில் இரண்டு திருத்தங்கள் செய்ய வேண்டியிருக்கிறது. முதலாவது சின்ன விஷயம். சர்க்கரையைப் பற்றிக்கொள்ளும் புரதத்தின் பெயர் லெக்டின். கட்டுரையில் அது ஓரிடத்தில் லெசிதின் என்றும் இன்னோரிடத்தில் லெப்டின் என்றும் அச்சாகியிருக்கிறது. லெசிதின் ஒரு கொழுப்புப் பொருள். லெப்டின் பசியோடு தொடர்புள்ள ஹார்மோன். பெயரில் ஒலி ஒத்துப்போகிறதே தவிர மூன்றுக்கும் எந்த உறவும் கிடையாது.

இரண்டாவது அவ்வளவு சின்னதல்ல. விந்தணு ஒரு சாவி, முட்டையின் மேலுள்ள சர்க்கரை ஒரு பூட்டு, இரண்டும் பொருந்தினால் கருத்தரிப்பு நடக்கும் என்று கட்டுரை சொல்கிறது. இது 1980களில் சொல்லிக்கொடுத்த பாடம். பிறகு சுண்டெலிகளில் அந்தப் பூட்டையே கழற்றி எடுத்துப் பார்த்தார்கள். அப்போதும் கதவு திறந்தது. இதைச் சற்று விரிவாகச் சொல்ல இடம் தர வேண்டுகிறோம்.

சர்க்கரை என்றதும் வாசகருக்கு ரத்தச் சர்க்கரைதான் நினைவுக்கு வரும். இங்கே பேச்சு அதைப் பற்றியது அல்ல. செல்லின் மேற்பரப்பிலுள்ள புரதங்களிலும் கொழுப்புகளிலும் சிறு சிறு சங்கிலிகள் கிளைவிட்டு நிற்கின்றன. காலக்டோஸ், மன்னோஸ், ஃபியூகோஸ், சியாலிக் அமிலம் போன்றவை கோத்த சங்கிலிகள் அவை. லெக்டின் இவற்றில் குறிப்பிட்ட ஒரு வடிவத்தை மட்டும் அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும். ஆனால் அதை வெட்டாது, மாற்றாது. அதனால் அது நொதி அல்ல. நோய் எதிர்ப்பு மண்டலம் தயாரிக்கும் ஆன்டிபாடியும் அல்ல. 1888-இல் ஸ்டில்மார்க் ஆமணக்கு விதைச் சாறு ரத்தச் சிவப்பணுக்களைத் திரளச் செய்வதைக் கண்டது இத்துறையின் தொடக்கம். ‘தேர்ந்தெடுப்பது’ என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து 1954-இல் பாய்ட் லெக்டின் என்ற பெயரை உருவாக்கினார்.

மனித முட்டை சுமார் 0.1 மில்லிமீட்டர் குறுக்களவு கொண்டது. அதைச் சுற்றி ஸோனா எனப்படும் கண்ணாடி போன்ற உறை இருக்கிறது. சுண்டெலியில் அந்த உறை இசட்பி1, இசட்பி2, இசட்பி3 என்ற மூன்று புரதங்களால் ஆனது. மனிதரில் இசட்பி4 என்ற நான்காவதும் உண்டு. எல்லாவற்றிலும் சர்க்கரைச் சங்கிலிகள் அடர்ந்திருக்கும். விந்தணு வந்து பிடித்துக்கொள்வது இசட்பி3-ஐத்தான் என்று 1980-இல் பிளெய்லும் வாசர்மேனும் காட்டினர். புரதத்தை அல்ல, அதில் தொங்கும் சர்க்கரையைத்தான் விந்தணு பிடிக்கிறது என்று 1985-இல் வாசர்மேன் குழு சொன்னது. அப்படியானால் விந்தணுவின் தலையில் ஒரு லெக்டின் இருந்தாக வேண்டும் என்று பலர் தேடப் புறப்பட்டார்கள். ஒன்றன்பின் ஒன்றாகப் பல புரதங்கள் அந்த இடத்துக்கு முன்மொழியப்பட்டன.

அவற்றுக்கெல்லாம் ஆதாரமாக இருந்தது பெரும்பாலும் ஒரே வகைச் சோதனை. முட்டைகளையும் விந்தணுக்களையும் ஒரு துளி ஊடகத்தில், அதாவது செல்கள் வாழ ஏற்ற வளர்ப்புத் திரவத்தில், சேர்த்து வைப்பார்கள். இன்னொரு துளியில் அதோடு சந்தேகத்துக்குரிய சர்க்கரையையும் கலப்பார்கள். சர்க்கரை இருக்கும் துளியில் ஒட்டும் விந்தணுக்கள் குறைந்தால், சர்க்கரைதான் பிடிமானம் என்று முடிவு. கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. செய்து பார்க்கும்போது சில இடங்களில் கால் இடறும்.

முதலில், எது ‘ஒட்டியது’ என்பதே தெளிவாக இருக்காது. விந்தணு எதன் மேலும் மேலோட்டமாக ஒட்டும். அதனால் அதே துளியில் இரண்டு செல் நிலையிலுள்ள சில கருக்களையும் போட வேண்டும். அவற்றின் உறையில் விந்தணு உண்மையாக ஒட்டாது. அகன்ற வாயுள்ள பிப்பெட்டால் மெல்ல உறிஞ்சி உறிஞ்சிக் கழுவி, அந்தக் கருக்களின் மேல் இரண்டு முதல் ஆறு விந்தணு மட்டும் மிஞ்சும் நிலை வந்ததும் நிறுத்த வேண்டும். பிறகுதான் முட்டைகளில் எண்ண வேண்டும். குறுகிய பிப்பெட்டைப் பயன்படுத்தினால் உண்மையான பிடிப்பும் பிய்ந்துபோகும். கருக்களைச் சேர்க்காமலே விட்டால் எங்கே நிறுத்துவது என்பது கழுவுகிறவரின் கைப்பழக்கத்தைப் பொறுத்ததாகிவிடும்.

அடுத்து ஊடகத்தின் செறிவு. வளர்ப்பு ஊடகத்தின் சவ்வூடு செறிவு, அதாவது அதில் கரைந்துள்ள துகள்களின் மொத்த அளவு, 250 முதல் 300 மில்லி ஆஸ்மோல். அதில் 100 மில்லிமோலார் லாக்டோஸைக் கொட்டினால் செறிவு ஏறத்தாழ இன்னொரு நூறு கூடும். விந்தணுவின் நீச்சல் தளரும், முட்டை சுருங்கும். ஒட்டுவது குறைந்ததற்குக் காரணம் லெக்டின் அடைபட்டதா, செல் வாடியதா? லெக்டின் பிடிக்காத வேறொரு சர்க்கரையை, உதாரணமாகச் சுக்ரோஸை, அதே மோலார் அளவில் கலந்த மூன்றாவது துளி இல்லாமல் இதற்குப் பதில் கிடையாது.

மின்னூட்டமும் ஏமாற்றும். கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஃபியூகாய்டன் விந்தணு ஒட்டுவதை நன்றாகவே தடுக்கும். ஃபியூகோஸ் இருப்பதால்தான் தடுக்கிறது என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் அதில் சல்ஃபேட் நிறைய இருக்கிறது. எதிர்மின்னூட்டம் கொண்ட எந்தப் பெரிய மூலக்கூறும் விந்தணுப் புரதங்களில் போய் அப்பிக்கொள்ளும். ஃபியூகோஸ் இல்லாத டெக்ஸ்ட்ரான் சல்ஃபேட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காத முடிவை நாங்கள் நம்புவதில்லை.

எல்லாம் சரியாகச் செய்தாலும் அந்தச் சோதனை ஒன்றைத்தான் சொல்லும்: தட்டில், அந்த நிலையில், அந்தச் சர்க்கரை ஒட்டுதலில் குறுக்கிட முடியும். அது இல்லாவிட்டால் கருத்தரிக்காது என்பதை அது சொல்லாது. அதற்கு மரபணுவை நீக்கிப் பார்க்க வேண்டும். பார்த்தார்கள். சர்க்கரைச் சங்கிலியின் நுனியில் ஆல்ஃபா காலக்டோஸைச் சேர்க்கும் நொதி இல்லாத சுண்டெலிகள் குட்டி போடும் என்று 1995-இல் தெரிந்தது. விந்தணுவின் மேல் சர்க்கரை பிடிக்கும் புரதமாகக் கருதப்பட்ட காலக்டோசில் டிரான்ஸ்ஃபரேஸ் இல்லாத ஆண் சுண்டெலிகளும் மலடாகவில்லை என்று 1997-இல் தெரிந்தது. 2007-இல் ஸ்டான்லி குழு இன்னும் ஒரு படி மேலே போய், முட்டையில் மட்டும் சிக்கலான சர்க்கரைக் கிளைகள் உருவாகாதபடி இரண்டு மரபணுக்களைச் சேர்த்தே நீக்கியது. உறையில் நுனிக் காலக்டோஸும் நுனி என்-அசிட்டைல் குளுக்கோசமைனும் இல்லை. முட்டைகள் கருவுற்றன.

அப்படியானால் எது பிடிமானம்? இங்கேதான் மேலே சொன்ன கழுவும் வேலைக்குத் திரும்ப வேண்டும். இரண்டு செல் கருவின் உறையில் விந்தணு ஏன் ஒட்டுவதில்லை? கருவுற்றதும் முட்டையின் விளிம்பிலுள்ள நுண்பைகள் வெடித்து ஓவாஸ்டசின் என்ற நொதியை வெளியே விடுகின்றன. அது இசட்பி2 புரதத்தை ஒரே ஓரிடத்தில் நறுக்குகிறது. அதோடு விந்தணு ஒட்டுவது நின்றுபோகிறது. டீன் குழு 2010-இல் வெளியிட்ட ஆய்வில், நறுக்க முடியாதபடி மாற்றிய இசட்பி2 உள்ள சுண்டெலிகளில் கருவுற்ற பின்னும் விந்தணுக்கள் உறையில் ஒட்டிக்கொண்டே இருந்தன. நறுக்கும் நொதி ஓவாஸ்டசின் என்பது 2012-இல் உறுதியானது. ஒப்பீட்டுக்காகத் துளியில் போட்டுவந்த கருக்களிடமே விடை இருந்திருக்கிறது! உறையைத் தாண்டிய பிறகு நடக்கும் சந்திப்பும் புரதத்துக்கும் புரதத்துக்கும் இடையில்தான்: விந்தணுவின் இசுமோ 2005-இலும் அதற்கு இணையான முட்டையின் ஜூனோ 2014-இலும் அடையாளம் காணப்பட்டன.

மனிதரில் நிலை இதே அளவுக்குத் தெளிவாக இல்லை. மனித முட்டையின் உறையில் சியாலில் லூயிஸ் எக்ஸ் என்ற நான்கு சர்க்கரைச் சங்கிலி மிகுதியாக இருப்பதும், அதைத் தனியாகச் சேர்த்தால் விந்தணு ஒட்டுவது குறைவதும் 2011-இல் வெளியாயின. அது நல்ல வேலை. ஆனால் மனிதரில் மரபணுவை நீக்கிச் சரிபார்க்க வழியில்லை. ஆகவே ‘பங்கு இருக்கக்கூடும்’ என்று எழுதலாம், ‘இதுதான் பூட்டு’ என்று எழுதக்கூடாது. 1992 முதல் ஒரு விந்தணுவை ஊசியால் நேராக முட்டைக்குள் செலுத்தும் முறை நடைமுறையில் இருக்கிறது. உறையின் சர்க்கரை அங்கே கணக்கிலேயே வராது. குழந்தைகள் பிறக்கிறார்கள்.

கட்டுரையில் ‘முட்டைக்குள் லெக்டின் ஒளிர்ந்தது’ என்று ஒரு படத்துக்கு விளக்கம் கொடுத்திருந்தார்கள். படத்தில் தெரிவது முட்டையின் லெக்டின் அல்ல. மைசூர் பருப்பிலிருந்து பிரித்த லெக்டினை ஆய்வாளர்கள் சாயமாக ஊற்றியிருக்கிறார்கள். அது மன்னோஸ் உள்ள சங்கிலிகளில் போய் ஒட்டி ஒளிர்கிறது. அதாவது படம் காட்டுவது சர்க்கரை இருக்கும் இடத்தை. ஒரு முட்டையில் லெக்டின் இருக்கிறதா என்று பார்க்க எதிர்த் திசையில் போக வேண்டும்: ஒளிரும் ஆல்புமினில் சர்க்கரையைக் கோத்து ஊற்றி அது எங்கே பிடிபடுகிறது என்று பார்க்க வேண்டும். சர்க்கரை கோக்காத அதே ஆல்புமினையும் பக்கத்தில் ஊற்ற வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது பத்திரிகைகள் மட்டுமல்ல என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

அந்தப் பருப்பு லெக்டின் சாயம் எளிய வேலை போலத் தெரியும். சுண்டெலி முட்டையில் அதைச் செய்யும் முறை இது. மில்லிலிட்டருக்கு 0.3 மில்லிகிராம் ஹையலுரோனிடேஸில் சில நிமிடம் வைத்துச் சுற்றியுள்ள கியூமுலஸ் செல்களை உதிர்க்க வேண்டும். பி.எச். 2.5 உள்ள அமில டைரோட் கரைசலில் உறையைக் கரைக்க வேண்டும். இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. நுண்ணோக்கியில் கண்ணை வைத்தபடியே செய்து, உறை மங்கி மறைந்த கணமே முட்டையை வெளியே எடுக்க வேண்டும். இந்தப் படியைத் தவிர்த்தால் உறையின் சர்க்கரையே சாயத்தையெல்லாம் குடித்துவிட்டு முட்டை முழுக்கப் பந்தம் போல எரியும். உள்ளே ஒன்றும் தெரியாது. பிறகு செல்லை உள்ளபடியே நிலைநிறுத்த 3 அல்லது 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடில் அரை மணி நேரம். கிளைசின் சேர்த்த ஆல்புமின் கரைசலில் கழுவல். சவ்வைத் துளைக்க 0.1 சதவீத ட்ரைட்டான் எக்ஸ்-100-இல் 15 நிமிடம். அதன் பிறகு பயோட்டின் என்ற சிறு மூலக்கூறை இணைத்த லெக்டின், கடைசியில் அந்தப் பயோட்டினைப் பற்றிக்கொண்டு ஒளிரும் ஸ்ட்ரெப்டாவிடின் புரதம்.

கெட்டுப்போவது பெரும்பாலும் பழக்கத்தால்தான். ஆன்டிபாடி வேலையில் கை பழகியவர்கள் தேவையற்ற ஒட்டுதலைத் தடுக்க ரத்தச் சீரத்தையோ பால் பவுடரையோ போடுவார்கள். இரண்டிலும் சர்க்கரை கோத்த புரதங்கள் ஏராளம். லெக்டின் அவற்றிலேயே மாட்டிக்கொள்ளும். ஸ்ட்ரெப்டாவிடினுக்குப் பதில் மலிவாகக் கிடைக்கும் அவிடினைப் போட்டால் இன்னொரு சிக்கல்: அவிடினிலேயே மன்னோஸ் சங்கிலி இருக்கிறது. பருப்பு லெக்டினும் வாளவரை லெக்டினான கான்கனாவலின் ஏ-வும் அதையே பிடிக்கும். இவ்விரண்டு லெக்டின்களும் வேலை செய்யக் கால்சியமும் மாங்கனீசும் வேண்டும். ஈடிடிஏ கலந்த கரைசலில் கழுவினால் அந்த உலோகங்கள் உருவப்பட்டுவிடும். பாஸ்பேட் கரைசலில் கால்சியம் வீழ்படிவாகும். ட்ரிஸ் கரைசலில் இரண்டையும் 1 மில்லிமோலார் அளவில் சேர்த்துக்கொள்வது நல்லது. கடைசியாக, 0.2 மோலார் ஆல்ஃபா மெத்தில் மன்னோசைடோடு முன்கூட்டியே கலந்த லெக்டினை ஊற்றிய முட்டைகளில் ஒளி அணைந்தாக வேண்டும். அணையாவிட்டால் அந்தத் தட்டு முழுவதையும் தூக்கி எறிய வேண்டியதுதான்.

சரியாக வந்தால் முதிர்ந்த சுண்டெலி முட்டையின் விளிம்பு முழுக்க மிக நுண்ணிய, எண்ணற்ற புள்ளிகள் தெரியும். குரோமோசோம் கதிர் இருக்கும் பக்கம் மட்டும் வழுக்கையாக இருக்கும். கருவுற்ற பின் புள்ளிகள் மறையும். அவைதான் ஓவாஸ்டசினை வைத்திருக்கும் பைகள். ஆப்பிரிக்கத் தவளையான ஜெனோபஸில் இதே வகைப் பைகளிலிருந்து உண்மையிலேயே ஒரு லெக்டின் வெளிவந்து, கால்சியத்தின் துணையோடு வெளிக் கூழுறையின் காலக்டோஸில் பிணைந்து, அடுத்த விந்தணு நுழையாதபடி தடுப்பாகப் படிகிறது. பாலூட்டிகளில் அந்தக் காவல் வேலையை முக்கியமாகச் செய்வது நொதி. தவளை லெக்டினின் உறவுக்காரப் புரதமான இன்டலெக்டின் நம் உடலிலும் இருக்கிறது. ஆனால் அது பிடிப்பது பாக்டீரியாவின் சர்க்கரையை. தவளையில் கண்டதை அப்படியே மனிதருக்கு ஏற்றிச் சொல்லக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

பைகள் முன்கூட்டியே கசிந்தால் உறை இறுகி விந்தணு உள்ளே போகாது. உடலுக்குள் ஃபெட்யூயின்-பி என்ற ரத்தப் புரதம் ஓவாஸ்டசினை அடக்கி வைக்கிறது. அது இல்லாத பெண் சுண்டெலிகள் மலடு என்பது 2013-இல் தெரிந்தது. சீரம் இல்லாத ஊடகத்தில் முட்டையை நெடுநேரம் விட்டால் உறை இறுகுவது ஏன் என்பதற்கும் இதுவே விளக்கம்.

இனி கருவுக்கு வருவோம். சுண்டெலிக் கரு எட்டு செல் நிலையில் திராட்சைக் கொத்து போல இருந்து திடீரென இறுகி உருண்டையாகும். லூயிஸ் எக்ஸ் என்ற மூன்று சர்க்கரை வடிவம் செல்களின் மேல் தோன்றுவதும் அந்த நிலையில்தான். இதே வடிவத்தின் பல பிரதிகளை ஒரு சிறு தண்டில் கோத்துக் கொடுத்தால் இறுகிய கரு மீண்டும் தளர்கிறது என்றும், ஒற்றையாகக் கொடுத்தால் ஒன்றும் ஆவதில்லை என்றும் 1984-இல் காட்டினார்கள். ஒற்றைச் சர்க்கரையை லெக்டின் பிடிக்கும் பிடி மிகத் தளர்ந்தது. பல பிடிகள் சேரும்போதுதான், நார்கள் முறுக்கிக் கயிறாவது போல, வலு வருகிறது. இது எல்லா லெக்டினுக்கும் பொது. ஆனால் இந்தச் சர்க்கரையைச் செய்யும் நொதியின் மரபணுவை நீக்கிய சுண்டெலிக் கருக்கள் எந்தக் குறையும் இல்லாமல் வளர்ந்தன என்று 2004-இல் வெளியானது. இறுக்கும் முக்கியப் புரதம் இ-கேட்ஹெரின். அதற்கும் கால்சியம் வேண்டும். கால்சியத்தை உருவிவிட்டு, ‘பார், கரு பிரிந்தது, கால்சியம் சார்ந்த லெக்டின்தான் காரணம்’ என்று எழுதுவது அதனால்தான் தவறு.

காலக்டினின் கதையும் இதே போல. காலக்டோஸ் பிடிக்கும் இந்தக் குடும்பத்தில் காலக்டின்-1, காலக்டின்-3 இரண்டும் கருக்கோளத்தின் (உள்ளே வெற்றிடமுள்ள பந்து போலாகிவிட்ட கருவின்) வெளிச் செல்களில், கருப்பையில் ஒட்டுவதற்குச் சற்று முன் தோன்றுகின்றன. இதைவிடப் பொருத்தமான நேரம் இருக்க முடியாது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். இரண்டும் இல்லாத கருக்களும் கருப்பையில் பதிந்தன என்று 1998-இல் தெரிந்தது. காலக்டினைச் சோதிப்போருக்கு ஒரு குறிப்பு: இது செல்லின் சைட்டோபிளாசத்தில் உருவாகி, வழக்கமான சுரப்புப் பாதையில் போகாமல் வேறு வழியில் வெளியேறுகிறது. செல்லுக்குள் ஒளிர்ந்ததை வைத்து மேற்பரப்பில் வேலை செய்கிறது என்று சொல்ல முடியாது. சவ்வைத் துளைக்காமல் ஒரு முறை, துளைத்து ஒரு முறை பார்க்க வேண்டும். காலக்டின்-1 காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்து செயலிழக்கும். கரைசலில் மெர்காப்டோஎத்தனால் போன்ற ஒடுக்கி இல்லாவிட்டால் ‘இல்லை’ என்ற பொய் விடைதான் வரும்.

இதற்காகச் சர்க்கரையே வேண்டாதது என்று யாரும் எண்ண வேண்டாம். புரதத்தில் சர்க்கரைச் சங்கிலி கோக்கும் முதல் படியே நடக்காத சுண்டெலிக் கரு, கருப்பையில் பதியும் காலத்தைத் தாண்டுவதில்லை. சிக்கலான கிளைகள் மட்டும் இல்லாதது பத்தாம் நாள் வாக்கில் சாகிறது. செல்லின் உள்ளே புதிய புரதத்தைச் சரியாக மடிக்க உதவும் கால்நெக்ஸின், கால்ரெட்டிகுலின் இரண்டும் லெக்டின்கள்தாம். அக்குடும்பத்தைச் சேர்ந்த கால்மெஜின் இல்லாத ஆண் சுண்டெலியின் விந்தணு உறையில் ஒட்டுவதில்லை என்று 1997-இல் கண்டார்கள். கால்மெஜின் விந்தணுவின் மேல் இருந்து பிடிக்கும் புரதம் அல்ல. விந்தணு உருவாகும்போது மற்ற புரதங்களைச் சீராக்கி அனுப்பும் பின்கட்டுத் தொழிலாளி.

மனிதக் கருவில் இன்று உறுதியாகப் பேசக்கூடிய ஒன்று எல்-செலக்டின். ரத்த வெள்ளணுக்கள் ஓடும் ரத்தத்தில் குழாய்ச் சுவரைத் தொட்டு உருண்டு வேகம் குறைவது இதன் உதவியால்தான். உறையிலிருந்து வெளிவந்த மனிதக் கருக்கோளத்தின் மேலும் இது இருப்பதையும், ஏற்கும் பருவத்திலுள்ள கருப்பைச் சுவரில் அதற்கு ஏற்ற சல்ஃபேட் சர்க்கரை மிகுவதையும் 2003-இல் ஜென்பாசெவ் குழு காட்டியது. அழகான விளக்கம். ஆனால் எல்-செலக்டின் இல்லாத சுண்டெலிகள் குட்டி போடுகின்றன என்பதையும் சேர்த்தே அச்சிட வேண்டும். கருப்பைத் திசுவில் இந்தச் சர்க்கரை குறைவாகத் தெரிந்ததால் கரு ஒட்டாது என்று ஒரு பெண்ணிடம் சொல்ல இன்றைய அறிவு போதாது. திசு சுழற்சியின் எந்த நாளில் எடுக்கப்பட்டது என்பதே விடையை மாற்றிவிடும்.

கருவைக் கருப்பையில் விடும்போது பயன்படுத்தும் ‘ஒட்டும் திரவம்’ பற்றியும் கட்டுரையில் இருந்தது. அதில் இருப்பது பசை அல்ல, ஹையலுரோனான் என்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலி. சிடி44 என்ற சர்க்கரை பிடிக்கும் புரதத்தின் வழியே அது கருவையும் கருப்பையையும் இணைக்கிறது என்பது ஒரு விளக்கம். திரவம் கெட்டியாக இருப்பதால் கரு நழுவாமல் நிற்கிறது என்பது இன்னொன்று. பலன் இருக்கலாம் என்று சிகிச்சை ஆய்வுகளின் தொகுப்புகள் சொல்கின்றன. அந்தப் பலன், விளக்கத்தில் எது சரி என்பதற்குச் சான்றாகாது.

அடுத்த முறை இப்படியொரு செய்தி வரும்போது மரபணுவை நீக்கிப் பார்த்தார்களா, எந்த விலங்கில் பார்த்தார்கள் என்று மட்டும் கேட்டு ஒரு வரி சேர்த்தால் போதும். இணையப் பதிப்பில் லெசிதினையும் லெப்டினையும் இன்றே திருத்திவிடலாம்.

இங்ஙனம்,
கருவியல் ஆய்வகப் பயிற்றுநர்கள்